டை போட்ட முடியைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

தலைமுடிக்குப் போட்ட சாயம் அலுத்துவிட்டது, பழைய நிறமே போதும் என்று தோன்றும்போது வீட்டிலேயே செய்துபார்க்கப் பத்து வழி கண்ணில் படும். பொடுகு ஷாம்பூ, பேக்கிங் சோடா, வைட்டமின் சி, கலர் ரிமூவர், ப்ளீச், மேலே இன்னொரு சாயம், ஒன்றும் செய்யாமல் வளர விடுவது. செய்துபார்த்தவர்களைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே பொருளைப் பற்றி ஒருவர் "அருமையாக வேலை செய்தது" என்பார், இன்னொருவர் "முடியே போச்சு" என்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இருவர் தலையிலும் இருந்த சாயம் வேறு, அதற்கு அடியில் இருந்த முடியும் வேறு.

அதனால் எந்த வழி சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. இரண்டு விஷயம் தெரிந்தால் பாதி வழிகள் தானாகவே கழிந்துவிடும். தலையில் இருப்பது எந்த வகைச் சாயம்? அதைப் போடும்போது சொந்த நிறம் எவ்வளவு போனது? முதல் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர்கள் குறைவு. ஏமாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

முடிக்குள் என்ன நடந்திருக்கிறது

ஒரு முடி இழையின் வெளிப்பக்கம் கூரை ஓடு அடுக்கியதுபோல் செதில்களால் மூடியிருக்கும். உள்ளே கார்டெக்ஸ் என்ற தடித்த பகுதி. நம் சொந்த நிறத்தைத் தரும் மெலனின் அதற்குள்தான் இருக்கிறது. கறுப்பும் பழுப்பும் யூமெலனின் தருவது, செம்மையும் மஞ்சளும் ஃபியோமெலனின் தருவது. இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொருவர் முடியின் நிறமும்.

டெவலப்பர் (ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள திரவம்) எதுவும் கலக்காமல் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசும் சாயம் என்றால் அது செமி பெர்மனன்ட். அதில் ஏற்கனவே நிறமாக இருக்கும் மூலக்கூறுகள்தான் இருக்கும். அவை செதில்களின் மேலும் அவற்றை ஒட்டிய பகுதியிலும் தங்கும், மெலனினைத் தொடாது. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு போன்ற பளிச் நிறங்கள் பெரும்பாலும் இந்த வகை. இது போய்விட்டால் கீழே இருந்த முடி இருந்தபடியே இருக்கும். பளிச் நிறம் பிடிப்பதற்காக முதலில் ப்ளீச் செய்திருந்தால் கதை வேறு. அப்போது கீழே இருப்பது வெளுத்த முடி.

இரண்டு பொருளைக் கலந்து பூசுவது பெர்மனன்ட் டை. ஒன்றில் அமோனியாவோ அதற்குப் பதிலாக வேறொரு காரமோ இருக்கும். அமோனியா இல்லாதது என்று எழுதியிருக்கும் டைகளில் பெரும்பாலும் மோனோஎத்தனோலமைன் என்ற காரம் அந்த வேலையைச் செய்கிறது. காரம் செதில்களை விரிய வைக்கும். பாராஃபெனிலீன்டையமின் போன்ற நிறமற்ற சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழையும். இன்னொரு பொட்டலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்ய, அவை ஒன்றோடொன்று இணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாக மாறும். நுழைந்தபோது சின்னதாக இருந்தது இப்போது பெரிதாகிவிட்டதால் எளிதில் வெளியே வர முடியாது. பெர்மனன்ட் என்று பெயர் வந்தது அதனால்தான்.

அதே பெராக்சைடு இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது. காரத்தோடு சேர்ந்து மெலனினைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. டெவலப்பர் 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. எண் ஏற ஏறச் சொந்த நிறம் அதிகம் போகும். கருமையாக்கத்தானே டை போட்டேன், அதில் எப்படி வெளுக்கும் என்று கேட்கலாம். புதுச் சாயம் மேலே கருமையாக நிற்பதால் வெளுத்தது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இங்கேதான் முடிவெடுக்கும் இடம் இருக்கிறது. பழுப்பு முடிக்குக் கறுப்பு டை போட்டவர் அந்தக் கறுப்பை முழுசாக எடுத்துவிட்டாலும் பழைய பழுப்பு கிடைக்காது. அதைவிட வெளிறிய, செம்பட்டை கலந்த நிறம் வரும். ரிமூவர் என் முடியைச் செம்பட்டையாக்கிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் பலர் பார்ப்பது டை ஏற்கனவே செய்துவிட்டுப் போன வேலையை. ரிமூவர் மேல்மூடியை விலக்கியது மட்டும்தான். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, அதில் போன மெலனினை எந்தப் பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புது மெலனின் வேரிலிருந்து வளர்ந்து வரும் முடியில் மட்டுமே வரும்.

ஆக, பழைய நிறத்துக்குத் திரும்புவது என்பதில் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது: மேலே ஏற்றியதை இறக்குவது, போனதை ஈடுகட்டுவது. சொந்த நிறத்தைவிடக் கருமையாக டை போட்டவருக்கு முதல் வேலைதான் பெரிது, இரண்டாவது கொஞ்சம். ப்ளீச் செய்து வெளுக்க வைத்தவருக்கு எடுக்க எதுவுமே இல்லை, ஈடுகட்டுவது மட்டும்தான். நரையை மறைக்க டை போட்டுவந்தவர் மூன்றாவது வகை. அவருக்கு இந்த இரண்டு கணக்கும் சரியாகப் பொருந்தாது, பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

அலசி அலசி மங்க வைப்பது

ஆபத்து குறைந்தது இதுதான். தலைமுடியில் படிந்ததை நன்றாக இழுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பூவோ பொடுகு ஷாம்பூவோ போட்டு, வெதுவெதுப்பான நீரில் நுரைக்கவிட்டு, சில நிமிடம் வைத்திருந்து அலசி, கடைசியில் கண்டிஷனர் போடுவது. செலினியம் சல்ஃபைடு உள்ள பொடுகு ஷாம்பூக்களில் சாயம் போட்ட முடியின் நிறம் மாறலாம் என்ற எச்சரிக்கையே இருக்கும். சாயத்தைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது எச்சரிக்கை, விரட்ட நினைப்பவருக்கு வசதி.

செமி பெர்மனன்டுக்கு இது போதும். பெர்மனன்ட் டை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நேற்றுப் போட்டது எதிர்பார்த்ததைவிடக் கருத்துவிட்டது என்றால், முதல் சில அலசல்களில் கணிசமாக இறங்க வாய்ப்புண்டு. ஆறு மாதம் பழகிய கறுப்பு ஷாம்பூவுக்கெல்லாம் அசையாது. கொஞ்சம் மந்தமாகும், ஓரங்களில் செம்மை எட்டிப் பார்க்கும், அத்தோடு நிற்கும்.

பேக்கிங் சோடாவை ஷாம்பூவில் கலக்கச் சொல்வார்கள். அதன் பிஎச் 8-க்குச் சற்று மேல். தலைத்தோலின் பிஎச் சுமார் 5.5. காரம் செதில்களைத் தூக்கிவிடும், சாயம் கொஞ்சம் கழியும், முடி சொரசொரப்பாகும். ஒரு தடவை செய்தால் பெரிய கேடில்லை. வாரக்கணக்கில் செய்தால் கிடைப்பது மங்கிய சாயமும் சிக்கு விழும் முடியும். பாத்திரம் தேய்க்கும் திரவமும் இதே கணக்குதான். நான் இரண்டையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

சூடான எண்ணெய் தடவி ஊறவைத்து அலசினால் செமி பெர்மனன்ட் சற்று வேகமாக இறங்கலாம். பெர்மனன்டில் அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனாலும் மற்ற வழிகளால் வறண்ட முடிக்கு எண்ணெய் நல்லதுதான்.

வைட்டமின் சி

அஸ்கார்பிக் அமிலம் மென்மையான ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் பொருள். பொடியாகவோ மாத்திரையைப் பொடித்தோ ஷாம்பூவில் குழைத்துப் பூசி, தலையை மூடி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து அலசுவார்கள். செமி பெர்மனன்ட், டெமி பெர்மனன்ட் (குறைந்த வலுவுள்ள டெவலப்பரோடு கலந்து பூசுவது), சமீபத்தில் போட்ட பெர்மனன்ட் ஆகியவற்றில் பலன் தெரியும். பல மாதமாக அடுக்கடுக்காகப் போட்ட கறுப்பில் அதிகம் நடக்காது. காரம் இல்லாததால் செதில்களை விரிக்காது என்பது இதன் நல்ல பக்கம். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் எரியும், அப்போது வேண்டாம்.

இதற்குப் பதில் எலுமிச்சைச் சாறு போதுமே என்பார்கள். போதாது. அதில் பெருமளவு இருப்பது சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி கொஞ்சம்தான். சாற்றோடு வெயிலில் போய் உட்காருவது சொந்த மெலனினையும் வெளுக்க வைக்கும், தோலையும் பதம் பார்க்கும்.

முன்சொன்ன அலசலையும் இதையும் ஒரே படியில் வைக்கலாம். இரண்டும் மலிவு, இரண்டிலும் இழப்பு குறைவு, இரண்டிலும் பலனுக்கு எல்லை உண்டு. எதையும் பெரிதாகத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் இவற்றைச் செய்துபார்ப்பதில் நஷ்டமில்லை.

கலர் ரிமூவர்: பேர் ஒன்று, பொருள் இரண்டு

பெர்மனன்ட் டையை நிஜமாகவே எடுக்க நினைப்பவர் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் ரிமூவர் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்ஸிமீத்தேன்சல்ஃபினேட், சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போன்ற கந்தகச் சேர்மங்கள் இருந்தால் அது ஒடுக்கும் வகை. பொட்டாசியம் பெர்சல்ஃபேட், அமோனியம் பெர்சல்ஃபேட் என்று இருந்தால் அது வேறு பெயரில் வரும் ப்ளீச். கீழே சொல்வது முதல் வகையைப் பற்றி மட்டும்.

உள்ளே இணைந்து பெரிதாகிய நிற மூலக்கூறுகளை இந்தக் கந்தகச் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றத்தின் எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. அவை நிறமிழந்து சிறியதாகின்றன. மெலனினை இவை தொடுவதில்லை. ப்ளீச்சோடு ஒப்பிடும்போது இதன் பெரிய பலம் அதுதான்: சாயத்தை மட்டும் தேடிப் போகிறது. வறட்சி வரும், ஆனால் முடி இழையின் வலு பெரிதாகக் குறையாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், நாற்றம் ஓரிரு நாள் ஈரமுடியில் மீண்டும் தலைகாட்டினால் பயப்பட வேண்டாம்.

பலரும் தோற்கும் இடம் அலசுவது. நிறமிழந்த அந்தச் சின்ன மூலக்கூறுகள் இன்னும் முடிக்குள்தான் இருக்கின்றன. தண்ணீரில் அடித்து வெளியே அனுப்பாவிட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனே அவற்றைப் பழையபடி இணைத்துவிடும். குளித்து முடித்தபோது அழகான பழுப்பாக இருந்த முடி இரண்டு நாளில் மறுபடி கருத்துவிட்டது என்றால் காரணம் இதுதான். பெட்டியில் 20 நிமிடம் அலசு என்று போட்டிருந்தால் அது சும்மா எழுதியதல்ல. கை வலிக்கும், தண்ணீர் போகும், ஆனாலும் அந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது. நீளமான அடர்ந்த முடி என்றால் உதவிக்கு ஒருவர் இருப்பது நல்லது.

நுனிப்பகுதியில் பல தடவை டை ஏறியிருக்கும், வேர்ப்பக்கம் ஒன்றிரண்டு தடவைதான். அதனால் ரிமூவரை நுனியிலும் நடுவிலும் முதலில் பூசி, வேர்ப்பக்கம் கடைசியில் கொண்டுபோவதுதான் சரி. அப்படியும் பட்டை பட்டையாக வரலாம். சில நாள் விட்டு இன்னொரு தடவை செய்யலாம் என்று பல தயாரிப்புகளில் அனுமதி உண்டு. மூன்றாவது தடவைக்கு எடுக்க அதிகம் இருக்காது, வறட்சிதான் கூடும்.

இது எங்கே வேலை செய்யாது? மருதாணியில், உலோக உப்புச் சாயத்தில். கலக்காமல் அப்படியே பூசும் செமி பெர்மனன்ட் சாயங்களில் சில அசையும், சில அசையாது. ப்ளீச் செய்து வெளுத்த முடியை இது கருக்க வைக்காது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரிமூவர் போட்டால் ப்ளீச் செய்த முடி பழைய கறுப்புக்குத் திரும்பும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எடுக்க அங்கே எதுவும் இல்லையே.

ரிமூவருக்குப் பிறகு முடி சாயத்தை உறிஞ்சும். செம்பட்டை பிடிக்காமல் உடனே பழுப்பு டை போட்டால், பெட்டியில் காட்டியதைவிட ஒன்றிரண்டு படி கருத்து நிற்கும். அதோடு புது டையின் பெராக்சைடு உள்ளே மிச்சமிருக்கும் பழைய மூலக்கூறுகளையும் மறுபடி இணைத்துவிடக்கூடும். ஒரு வாரமாவது விட்டு, குறைந்த வலுவுள்ள டெவலப்பரோடு வரும் டெமி பெர்மனன்டை, வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறியதாகத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. கருமை போதாவிட்டால் இன்னொரு தடவை போடலாம். அதிகமாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

ப்ளீச்

பெர்சல்ஃபேட் பொடியும் பெராக்சைடும் சேர்ந்தது. சாயம், மெலனின் என்ற பேதம் இதற்குக் கிடையாது, இரண்டையும் சேர்த்தே உடைக்கும். கருமையான முடி முதலில் செம்மைக்கும், அப்புறம் ஆரஞ்சுக்கும், அப்புறம் மஞ்சளுக்கும் போகும். தலைத்தோலின் சூட்டால் வேர்ப்பக்கம் வேகமாக வெளுக்கும், நுனி பின்தங்கும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பின்னந்தலையில் சமமாகப் பூசுவதும் எளிதல்ல.

நோக்கம் சொந்த நிறம், அது கறுப்போ அடர் பழுப்போ என்றால், ப்ளீச் வழியாகப் போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. போட்ட கருமையை எடுக்கச் சொந்தக் கருமையையும் கரைத்துவிட்டு, பிறகு அதே கருமையை டையாக மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். ப்ளீச்சில் ஷாம்பூவும் தண்ணீரும் கலந்து மெலிதாக்கிப் பூசுவதை ப்ளீச் பாத் என்பார்கள். வேகம் குறைவு, கவனமாக நிறுத்தலாம் என்பதைத் தவிர அடிப்படை அதேதான். ரிமூவர் இரண்டு தடவை போட்டும் நகராத கறுப்பு, அதே சமயம் சொந்த நிறம் நல்ல வெளிர் பழுப்பு என்றால்தான் இதற்கு ஒரு தேவை வரும். அந்த வேலையைச் சலூனில் கை பழகியவரிடம் விடுவது மேல். வீட்டில் செய்யும் வழிகளில் முடி உடைந்து கையோடு வருவது பெரும்பாலும் இதில்தான், அதுவும் ஏற்கனவே ப்ளீச் செய்த பகுதியின் மேல் மறுபடி ஏறும்போது.

துணிக்கும் தரைக்கும் போடும் ப்ளீச் வேறு பொருள். அது சோடியம் ஹைப்போகுளோரைட், முடியின் புரதத்தையே கரைக்கும். அதைத் தலைப்பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மேலே இன்னொரு சாயம்

வெளுத்தவர்களுக்கு இது முதல் தேர்வு, கருமையாக்கியவர்களுக்குப் பெரும்பாலும் பொறி.

பொறி என்று சொல்வது இதனால். கறுப்பு டையின் மேல் பழுப்பு டை போட்டால் பழுப்பு வராது. ஒரு சாயத்தால் இன்னொரு சாயத்தை வெளுக்க முடியாது. அந்தப் பழுப்பு டை வேரில் புதிதாக வளர்ந்த இரண்டு சென்டிமீட்டர் சொந்த முடியை மட்டும் வெளுத்துச் செம்மையாக்கும், மீதி கறுப்பாகவே நிற்கும். முன்பு ஒரு நிறப் பிரச்சினை இருந்தது, இப்போது இரண்டு.

ப்ளீச் செய்தவருக்கு வருவோம். முடிக் கருமையை 1 முதல் 10 வரை எண்ணுவார்கள், 1 கறுப்பு, 10 மிக வெளிர் பொன்னிறம். வேரில் வளர்ந்திருக்கும் சொந்த முடியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து அது எந்த எண் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு என்று நாம் நினைக்கும் சொந்த முடி பல சமயம் 2 அல்லது 3 தான். எண் 1 டை போட்டால் அது நீலம் பாய்ந்த கறுப்பாக, தொப்பி வைத்தது மாதிரி தனியாகத் தெரியும்.

மஞ்சளாக வெளுத்த முடியில் நேரடியாக அடர் பழுப்பை, அதுவும் சாம்பல் சாயல் உள்ளதைப் போட்டால் பச்சை தட்டும். கருமையான முடியில் இயல்பாக இருக்க வேண்டிய செம்மை அடியில் காணாமல் போயிருப்பதுதான் காரணம். அதனால் முதலில் செம்பு அல்லது பொன் சாயலில் ஒரு நிரப்பும் சுற்று, அதன் மேல் பழுப்பு என்று இரண்டு கட்டமாகப் போவார்கள். வெளுப்பு லேசாக இருந்தால் செம்மைச் சாயல் கலந்த பழுப்பு டெமி பெர்மனன்ட் ஒன்றே போதும். வெளுப்பு அதிகம் என்றால் நிரப்பாமல் போடுவதில் பலனில்லை. சேதமான முடி சாயத்தைப் பிடித்துவைக்காது, சில வாரத்தில் மறுபடி வெளிறும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

வளர விடுவது

கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் சொந்த நிறத்தைத் துல்லியமாகத் தரும் ஒரே வழி இதுதான். மற்ற எல்லாம் அதைப் போலத் தெரிய வைப்பவை.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும், வருடத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். தோள் வரை 30 சென்டிமீட்டர் முடி இருப்பவருக்கு முழுதும் மாற இரண்டு வருடம் ஆகும். குட்டையாக வெட்டிக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு ஆறு மாதம் போதும். கணக்கு அவ்வளவு எளிது. நீளத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்பதுதான் கேள்வி.

தொல்லை தருவது காலம் என்பதைவிட அந்தக் கோடு. சொந்த முடியும் சாயமும் சந்திக்கும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு வெட்டு தெரியும். வகிட்டை நேராக எடுக்காமல் வளைத்து எடுப்பது, சுருள வைப்பது, ஒரு அலசலில் போகும் ரூட் ஸ்ப்ரே அடிப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வருவது ஆகியவை அதை மறைக்கும். ரிமூவரையும் இதையும் சேர்த்துச் செய்வதுதான் என் கணக்கில் மிக நல்ல கலவை. ரிமூவர் கோட்டின் கடுமையைக் குறைத்துவிடும், மீதியை வளர்ச்சி பார்த்துக்கொள்ளும்.

நரைக்குத் திரும்புகிறவர்கள்

பல வருடம் கறுப்பு டை போட்டு, போதும் என்று நரையை ஏற்றுக்கொள்ளத் தயாரானவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. வெள்ளை முடியில் வெளுக்க மெலனினே இல்லை. டை முழுசாகப் போனால் வெள்ளை வர வேண்டும். நடப்பது அதுவல்ல. ரிமூவருக்குப் பிறகு வெள்ளை முடியில் மஞ்சளோ ஆரஞ்சோ கறையாக மிஞ்சும், கூடவே இருக்கும் கறுப்பு முடிகள் டையின் பெராக்சைடால் செம்பட்டையாகியிருக்கும். இரண்டும் கலந்து ஒரு துரு நிறம். ஊதா ஷாம்பூ மஞ்சளைத் தணிக்கும், ஆரஞ்சைத் தொடாது.

அவர்களுக்கு வளர விடுவதே முதல் வழி. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் கோடு மிகக் கடுமையாகத் தெரியும் என்பதால் இடைக்காலத்தைக் கடக்க ஒரு ஏற்பாடு வேண்டும். பெர்மனன்டை நிறுத்திவிட்டு, சொந்தக் கருமையைவிட வெளிறிய செமி பெர்மனன்ட் அல்லது டெமி பெர்மனன்டுக்கு மாறினால் நரை பாதி தெரியும், பாதி மறையும், கோடும் மங்கும். டையிட்ட பகுதியில் மெல்லிய வெளிர் கீற்றுகளைச் சலூனில் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. அதில் ப்ளீச் உண்டு, ஆனால் தலை முழுவதும் இல்லை.

மருதாணி, அவுரி, மெல்லக் கருக்கும் சாயங்கள்

மருதாணியின் நிறப்பொருளான லாசோன் முடியின் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. ரிமூவர் அதை அசைக்காது. எண்ணெயும் அலசலும் கொஞ்சம் மங்க வைக்கும், மீதிக்கு வளர்ச்சிதான். மருதாணிக்கு மேல் அவுரி போட்டுக் கறுப்பாக்கிய முடியை ப்ளீச் செய்தால் பச்சை வெளிப்படலாம். கறுப்பு மருதாணி என்று பொட்டலத்தில் வருபவை பலவற்றில் பாராஃபெனிலீன்டையமினும் கலந்திருக்கும், அதனால் தலையில் இருப்பது இலைப்பொடியா டையா என்பதைப் பொருள் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

தினமும் தடவ நாளாக ஆகக் கருக்கும் திரவங்கள் இருக்கின்றன. அவற்றில் லெட் அசிடேட், பிஸ்மத் சிட்ரேட் போன்ற உலோக உப்புகள் இருக்கலாம். உலோகம் படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் சூடாகி ஆவி கிளம்பும், முடி உருகியதுபோல் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் கழித்து எடுத்த ஒரு சிறு கற்றையை, கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் பெராக்சைடு 20 பங்கும் அமோனியா கரைசல் 1 பங்கும் கலந்ததில் 30 நிமிடம் போட்டு வைத்துப் பார்ப்பது சலூன்களின் பழைய சோதனை. சூடு, குமிழி, நாற்றம், திடீர் நிறமாற்றம் எது வந்தாலும் அந்த முடிக்கு டையும் ப்ளீச்சும் கிடையாது.

எதைத் தேர்ந்தாலும் தொடங்கும் முன்

ஈர முடி ஒன்றை இரு விரலில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு பழைய அளவுக்குத் திரும்பினால் ரிமூவரையோ டெமி பெர்மனன்டையோ தாங்கும். நீண்டு நீண்டு திரும்பாமல் அறுந்தால் கண்டிஷனர், எண்ணெய், கத்தரிக்கோல் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். காதுக்குப் பின்னால் உள்ளடுக்கில் ஒரு மெல்லிய கற்றையில் முதலில் செய்து, காயவைத்து, இரண்டு நாள் விட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஒரு தலை முழுவதையும் பணயம் வைப்பதைவிட மலிவு. ரிமூவருக்கு அந்த இரண்டு நாள் மிக முக்கியம், மறுபடி கருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மேலே புது டை போடும் திட்டம் இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன் கையில் தடவிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையும் வேண்டும். வருடக்கணக்கில் ஒரே டையைப் போட்டுவந்தவருக்கும் பாராஃபெனிலீன்டையமின் ஒவ்வாமை திடீரென்று வரலாம். டை போட்டு அரிப்பும் வீக்கமும் வந்ததால்தான் அதை விடுகிறீர்கள் என்றால் மேலே சாயம் போடும் வழி உங்களுக்கு அடைபட்டது. தோல் முழுவதும் ஆறும் வரை ரிமூவரும் வேண்டாம்.

செமி பெர்மனன்ட் என்றால் இரண்டு வாரம் அலசல், தேவைப்பட்டால் வைட்டமின் சி. சொந்த நிறத்தைவிடக் கருத்த பெர்மனன்ட் என்றால் ஒடுக்கும் வகை ரிமூவர் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து வெளிர் பக்கம் நிற்கும் டெமி பெர்மனன்ட். ப்ளீச் செய்த முடி என்றால் நிரப்பிவிட்டு மேலே சாயம். நரை, மருதாணி, உலோக உப்பு மூன்றுக்கும் வளர்ச்சியும் கத்தரிக்கோலும். தலையில் என்னென்ன போட்டோம் என்று நினைவே இல்லாதவர்களும் இந்தக் கடைசி வரிசையில் சேர்வதுதான் நல்லது, அல்லது எதையும் பூசுவதற்கு முன் ஒரு கற்றையோடு சலூனுக்குப் போய்க் காட்டிவிட்டு வரலாம்.